ஒரு நாள்தான் கையில்: கன்னியாகுமரியா, குளச்சலா?

கோயம்புத்தூரில் இருக்கும் சித்தி மகன், எனக்கு அண்ணன், போன வாரம் போன் செய்தார். "லேய், கல்யாணம் முடிஞ்சு திங்கக்கிழம ஒரு நாளு முழுசா கையில உண்டு. அம்மையும் வாறா, பிள்ளையளும் உண்டு. கடலும் பாக்கணும், கொஞ்சம் பழைய சரித்திரமும் பாக்கணும். எங்க போலாம், நீயே சொல்லு." வெளியூரில் இருந்து நாகர்கோவிலுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். நானும் யோசிக்காமல் கன்னியாகுமரி என்று சொல்லிப் பழகிவிட்டேன். இந்தத் தடவை உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் டைம் கேட்டேன். அந்த இரண்டு நாளில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

தூரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. நாகர்கோவிலில் இருந்து தென்கிழக்கே கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர். மேற்கே குளச்சல், கூடிப் போனால் நாலைந்து கிலோமீட்டர் அதிகம். இரண்டும் கடற்கரை ஊர், இரண்டுக்கும் பழைய கதை உண்டு, இரண்டுக்கும் அடிக்கடி பஸ் உண்டு. அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? யார் வருகிறார்கள், எந்த மாதம், வாரத்தில் எந்த நாள் என்ற மூன்றையும் வைத்துத்தான்.

முதலில் கன்னியாகுமரி. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எத்தனை தடவை போயிருப்பேனோ, இன்றைக்கும் அந்தக் கடல் முனையில் போய் நின்றால் உள்ளே ஏதோ அமைதியாகிவிடுகிறது. 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானம் செய்த பாறை, அதன்மேல் 1970இல் திறந்த நினைவு மண்டபம், பக்கத்துப் பாறையில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி திருவள்ளுவர். பிள்ளைகளோடு போனால் அந்தச் சிலையின் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். பீடம் 38 அடி, அறத்துப்பால் 38 அதிகாரம்; சிலை 95 அடி, பொருட்பாலும் காமத்துப்பாலும் சேர்ந்து 95 அதிகாரம். நான் சொல்லிக் கொடுத்த ஒரு பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அதை நாலு தடவை சொல்லிப் பார்த்தது. 2024 டிசம்பர் 30 அன்று இரண்டு பாறைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தபிறகு பெரிய நன்மை ஒன்று நடந்திருக்கிறது. முன்பெல்லாம் வள்ளுவர் சிலைக்குத் தனியாகப் படகு விட வேண்டும், தண்ணீர் வற்றினாலும் அலை எழும்பினாலும் அதை நிறுத்திவிடுவார்கள், பாதிப் பேர் விவேகானந்தர் பாறையோடு திரும்பிவிடுவார்கள். இப்போது ஒரு பாறைக்குப் போனால் நடந்தே அடுத்ததற்கும் போய்விடலாம்.

ஆனால் முதல் பாறைக்குப் படகில்தானே போக வேண்டும்? அந்த வரிசைதான் பிரச்சினை. போன வருஷம் மே மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரத்துக்குமேல் நின்றோம், அம்மா சுவரில் சாய்ந்து சாய்ந்து நின்றார், டிக்கெட் வாங்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் காற்று பலமாகி அன்றைக்குப் படகு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடல் சரியில்லை என்றால் படகை நிறுத்துவதுதான் சரி, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒரே ஒரு நாளை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்த அரை நாள் திரும்பக் கிடைக்காது. கோடை விடுமுறையிலும், கார்த்திகையில் இருந்து தை முதல் வாரம் வரை சபரிமலை போய்வருகிறவர்கள் குவிகிற நாட்களிலும் இதை எதிர்பார்த்தே போக வேண்டும். கூடக் காசு கொடுத்தால் சிறப்பு வரிசை உண்டு. வயதானவர்கள் கூட இருந்தால் அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

இன்னொன்று சூரிய அஸ்தமனம். "ஒரே இடத்தில் உதயமும் அஸ்தமனமும்" என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, எந்த மாதம் போனாலும் சூரியன் கடலுக்குள் இறங்கும் என்று வெளியூர்க்காரர்கள் நம்பிக்கொண்டு வருகிறார்கள். ஏறக்குறைய அக்டோபர் நடுவில் இருந்து மார்ச் நடுவரைக்கும்தான் கன்னியாகுமரியில் அது கிடைக்கும். மற்ற மாதங்களில் சூரியன் வடக்கே ஒதுங்கிவிடுவதால் கரைக்குப் பின்னால்தான் மறையும். சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் போய்ப் பாருங்கள், ஒரு பக்கம் சூரியன் இறங்க இன்னொரு பக்கம் கடலில் இருந்து நிலா ஏறும்.

மற்றபடி பகவதியம்மன் கோயிலுக்கு ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் போக வேண்டும், நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். கிழக்கு வாசலைப் பூட்டியே வைத்திருப்பதற்கு அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கு என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதிய கதையைச் சொல்வார்கள். காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 நண்பகலில் அஸ்தி வைத்திருந்த இடத்தில் வெயில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். அலங்கார உபகார மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரத்தை மீனவர் தெருவில் நின்று பார்ப்பது தனி அழகு. ஆறேழு கிலோமீட்டர் தள்ளி வட்டக்கோட்டை, கடலுக்குள் நீண்ட கருங்கல் கோட்டை. மேலே ஏறினால் ஒரு பக்கம் கடல், திரும்பினால் மேற்கு மலை. நாகர்கோவிலில் இருந்து போகிற வழியில் சுசீந்திரம் கோயில். இதெல்லாம் சேர்ந்தால் ஒரு நாள் நிறைந்துவிடும், அதில் சந்தேகம் இல்லை.

ஆனாலும் ஒரு குறை எனக்கு எப்போதும் உண்டு. சாயந்திரம் திரும்பி வரும்போது பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பாறை, சிலை, பாலம், சிப்பி மாலை என்று ஒவ்வொன்றாகத்தான் சொல்கிறார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பு இல்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலம். அண்ணன் கேட்டது சரித்திரம். ஒரு இடத்தில் தொடங்கி அடுத்த இடத்தில் வளர்ந்து மூன்றாவது இடத்தில் முடிகிற ஒரு கதையை ஒரே நாளில் காலால் நடந்து பார்க்க வேண்டுமென்றால் அது குளச்சல் பக்கம்தான் கிடைக்கும்.

அந்தக் கதை இதுதான். 1741இல் மிளகு வியாபாரத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ள நினைத்த டச்சுக் கம்பெனியின் படை குளச்சலில் இறங்கியது. கரையோர ஊர்களைப் பிடித்துக்கொண்டு திருவிதாங்கூரின் தலைநகரான பத்மநாபபுரத்தை நோக்கி நகரப் பார்த்தது. மார்த்தாண்டவர்மா மகாராஜா படையோடு வந்து குளச்சலை வளைத்தார். டச்சுக்காரர்கள் கடற்கரையில் போட்டிருந்த கொத்தளத்துக்குள் ஒரு குண்டு விழுந்து வெடிமருந்து தீப்பிடித்து, வைத்திருந்த அரிசியும் எரிந்துபோக, வேறு வழியில்லாமல் சரணடைந்தார்கள். ஊரில் இதோடு இன்னொரு கதையும் சொல்வார்கள். குளச்சல் மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்களாம், பனந்தடியை வண்டியில் ஏற்றிப் பீரங்கி மாதிரி நிறுத்தினார்களாம், கப்பலில் இருந்து பார்த்தவனுக்குப் பெரிய படை போலத் தெரிந்ததாம். கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், தன் பாட்டன் அங்கே நின்ற மாதிரியே சொல்வார்.

அந்தக் கரையில் இன்றைக்கு நிற்பது ஒரு வெற்றித்தூண். பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை, பத்து நிமிஷம் போதும். ஜூலை 31இல் ராணுவத்தினர் வந்து அதற்கு மரியாதை செலுத்துகிறார்கள். தூணை மட்டும் பார்க்க குளச்சல் வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். விடியக்காலையில் வள்ளங்கள் கரை ஏறுவதைப் பார்க்க வாருங்கள். மணலில் கொட்டிய சாளை மீன் வெள்ளிக்காசு மாதிரி துள்ளும், ஏலம் போடுகிறவர் ஒரே மூச்சில் விலையைச் சொல்லிக்கொண்டே போவார், அலுமினியச் சட்டியை இடுப்பில் வைத்த அம்மாமார் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் விலையை ஏற்றுவார்கள். எட்டு மணிக்குப் போனால் எல்லாம் முடிந்திருக்கும், ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையை, குறிப்பாகக் குளச்சலையும் பக்கத்துக் கொட்டில்பாட்டையும் எப்படி அடித்துப் போட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அங்கே வீட்டுக்கு வீடு அந்த நாளின் கதை உண்டு. போட்டோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அது அவர்கள் வேலை செய்கிற இடம்.

சரி, கதை தொடர்கிறது. குளச்சலில் பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். மகாராஜா அவரைச் சிறையில் போட்டு வைக்காமல் தன் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். அந்த மனிதர் பிறகு திரும்பிப் போகவே இல்லை, 36 ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்து, திருவிதாங்கூர் படையின் தலைமைக்கு வந்து, "வலிய கப்பித்தான்", அதாவது பெரிய கேப்டன், என்று பெயர் வாங்கி, கோட்டைகளைப் புதுப்பித்து 1777இல் இறந்தார். வட்டக்கோட்டையிலும் அவர் கை உண்டு. அவர் இருந்த இடம் தக்கலைக்கு முன்னால் புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரி கோட்டை. குளச்சலில் இருந்து திங்கள்நகர் வழியாக வந்தால் காரில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இப்போது வனத்துறையின் பூங்காவாக இருக்கிறது, மரங்களுக்கு நடுவே மண் பாதை, குரங்கும் மயிலும் உண்டு, உள்ளே நடந்தால் கூரை இல்லாத ஒரு பழைய சிற்றாலயம். அதற்குள் தரையில் டிலனாயின் கல்லறை, பக்கத்தில் மனைவியும் மகனும். கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். நான் முதல் தடவை போனபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது, எழுத்தின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றதால் தமிழ் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. குனிந்து விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். எங்கிருந்தோ சண்டை போட வந்தவருக்கு நம் எழுத்தில் ஒரு கல் என்பது அன்றைக்கு எனக்குத் தொண்டையை அடைத்தது, இன்றைக்கும் யாரை அழைத்துப் போனாலும் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல்தான் நிற்கிறேன்.

இதே கோட்டையில் டிலனாயோடு பழகி 1745இல் கிறிஸ்தவரானவர்தான் நீலகண்ட பிள்ளை. தேவசகாயம் பிள்ளை என்றால் எல்லாருக்கும் தெரியும், 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டவர். அவருடைய கல்லறை நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில். நேரம் இருந்தால் இரவு திரும்பும்போது அதையும் பார்த்துவிடலாம்.

உதயகிரியில் இருந்து கூப்பிடு தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. ஊரின் பழைய பெயர் கல்குளம், தாலுகாவுக்கு இன்றும் அதே பெயர்தான். 1601இல் கட்டத் தொடங்கி மார்த்தாண்டவர்மா காலத்தில் பெரிதாக்கிய மர அரண்மனை. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையை மட்டும் கேரள அரசுதான் பராமரிக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் முதலில் தெரிவது கால் குளிர்ச்சிதான். கருப்பாக, முகம் தெரிகிற அளவுக்கு வழவழப்பான தரை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்பார்கள். வாசல் மண்டபத்தின் மரக் கூரையில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாத பூக்கள். ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் கலர் மைக்கா வைத்த ஜன்னல்களின் வழியே வருகிற வெளிச்சம் உச்சி வெயிலையும் சாயந்திரம் மாதிரி ஆக்கிவிடும். ஊட்டுப்புரை, இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். மருந்து மரங்களால் செய்த ஒரு கட்டிலும் இருக்கிறது, டச்சுக்காரர்கள் கொடுத்த பரிசாம். குளச்சல் கரையில் காலையில் கேட்ட கதைக்குப் பிறகு அந்தக் கட்டிலின் முன்னால் நிற்பதும், டிலனாய் மகாராஜாவிடம் சரணடையும் ஓவியத்தைப் பார்ப்பதும் வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் கடற்கரை முதலில், கோட்டை அடுத்து, அரண்மனை கடைசியில் என்ற வரிசையை மாற்றாதீர்கள் என்று சொல்கிறேன்.

இதற்குப் பெரிய தடை ஒன்றே ஒன்றுதான், திங்கட்கிழமை. அன்றைக்கு அரண்மனை விடுமுறை. மற்ற நாட்களிலும் மதியம் ஒரு மணிக்கு மேல் கொஞ்ச நேரம் மூடிவிட்டு மறுபடி திறந்து, நாலரை மணியோடு முடித்துக்கொள்வார்கள். பத்து, பத்தரைக்குள் உள்ளே போய்விட்டால் அவசரம் இல்லாமல் பார்க்கலாம்.

கடைசியாக அஸ்தமனம் பார்க்க முட்டம் கடற்கரை. தக்கலையில் சாப்பிட்டுவிட்டு நாலரை மணிக்குக் கிளம்பினால் போதும். பாறை கடலுக்குள் நீண்டு நிற்பதால் வைகாசியிலும் கடல் பக்கமாகவே சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். ஆனால் பாறையில் அலை நனைக்கிற இடத்துக்குப் பிள்ளைகளை விடவே கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடல் குளிக்கிற கடல் இல்லை. காற்றே இல்லாத வெயில் நாளில்கூட எங்கோ தூரத்தில் எழும்பிய அலை திடீரென்று கரையில் ஏறும், அதற்கு மீனவர்கள் வைத்த பெயர்தான் கள்ளக்கடல். 2024 மே மாதத்தில் அப்படி எச்சரிக்கை கொடுத்திருந்த நாட்களில் இந்த மாவட்டத்துக் கரையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் உயிரிழந்தார்கள். காலையில் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எச்சரிக்கை இருந்தால் முட்டத்தில் கலங்கரை விளக்கின் பக்கமே நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம், அழகு குறையாது.

சாப்பாட்டையும் மாதத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக்கு மீன்பிடித் தடை இரண்டு தவணை. கிழக்குப் பக்கம், அதாவது கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை விசைப்படகுக்குத்தான், வள்ளமும் கட்டுமரமும் போகும், ஆனாலும் கரையின் பரபரப்பில் பெரிய வித்தியாசம் தெரியும். அதனால் மே மாதம் மீன் பார்க்க, வாங்க, சாப்பிட மேற்கே போங்கள். ஜூலையில் வந்தால் கன்னியாகுமரிப் பக்கம். எங்கே போனாலும் மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் குழம்பு ஊற்றிக் கொடுக்கிற சின்னக் கடையாகப் பார்த்து உட்காருங்கள், அது கோயம்புத்தூரில் கிடைக்காது. மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டால் பிள்ளைகளுக்கு நாள் முழுக்கக் கவலை இல்லை.

பஸ்ஸில் என்றால் கன்னியாகுமரிதான் சுலபம், ஒரே பஸ், இறங்கினால் எல்லாம் நடக்கிற தூரம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. குளச்சல் சுற்றுக்கு நாலு பஸ் மாறணும். திங்கள்நகரிலும் தக்கலையிலும் காத்திருக்கிற நேரத்தைச் சேர்த்தால் முட்டத்துக்குப் போவதற்குள் இருட்டிவிடும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு காரைப் பேசிக்கொள்வதுதான் சரி. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குமரிமுனைக்கு வருகிற பெரியவர்கள் இருந்தால் நான் மறுபேச்சு இல்லாமல் கன்னியாகுமரியைத்தான் சொல்வேன். குமரி அம்மனைப் பார்க்காமல் ஊர் திரும்பினோமே என்ற ஏக்கம் அவர்களுக்கு வரக்கூடாது. மற்ற எல்லாருக்கும், முக்கியமாகப் பத்து வயசுக்கு மேல் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு, குளச்சல்.

அண்ணனுக்கும் இதையேதான் சொன்னேன். சித்தி இங்கே பிறந்து வளர்ந்தவர், குமரி அம்மன் அவருக்குப் புதிதில்லை. முழங்கால் வலியோடு வைகாசி வெயிலில் படகு வரிசையில் அவரை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. அரண்மனையில் மரப்படி குறுகலாக, செங்குத்தாக இருக்கும், அதனால் சித்தி கீழே முற்றத்துத் திண்ணையில் உட்காரட்டும், கூட நான் இருக்கிறேன், அவர் சின்ன வயசில் நவராத்திரிக்கு சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிற ஊர்வலத்தைப் பார்த்த கதையை எனக்குச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமைதான் இடித்தது. "அப்பம் முன்னாலேயே வந்துருதோம்"ணு அண்ணன் சொல்லிவிட்டார். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, இவர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறி சனிக்கிழமை விடியக்காலையில் இறங்குகிறார்கள். மைனி பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி எடுத்து வைக்கிறாராம், நான் ஐந்தரை மணிக்கு ஸ்டேஷன் வாசலில் காரோடு நிற்பேன், நேரே குளச்சல்.